அம்மா பெயருக்குக் கீழே

முத்தியால்பேட்டையில் பேருந்தை விட்டு இறங்கி, மாதா கோயில் அலுவலகத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டுகள் வைத்து நடக்கிறேன். போன வருடம் முந்நூற்று நான்கு. நடை குறுகிவிட்டது.

அண்ணனின் பிறந்தநாள் பூசைக்கு எழுதிவைக்க ஆண்டுதோறும் வருகிறேன். அண்ணன் கடற்படை அதிகாரி. இருபத்துநாலு வயதில், போரில், கப்பலோடு மூழ்கியவர். உடல் வரவில்லை. அது வரும்வரை அண்ணனைப் பூசைப் பதிவேட்டில் இறந்தவர்கள் பக்கத்தில் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினாள். அதனால் ஒவ்வொரு வருடமும் உயிரோடு இருப்பவர்களின் சுகத்துக்கான பக்கத்தில்தான் அண்ணனை எழுதுகிறேன்.

அலுவலக மேசையில் புதிதாக வேலைக்கு வந்த பெண். எதிரே நான்கு பேனா. இரண்டுக்கு மூடி இல்லை. அதே பூசைக்கு அம்மாவையும் அண்ணனையும் சொல்கிறேன். அம்மாவின் பெயரை இறந்தவர்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டு, சுகத்துக்கான பக்கத்தைப் புரட்டுகிறாள்.

"அண்ணன் சுகத்துக்குதானே தாத்தா? எத்தனாவது பொறந்தநாளு?"

எழுபத்தெட்டு. பேருந்திலேயே இரண்டு முறை கணக்குப் பார்த்துவிட்டேன்.

"இருபத்துநாலு" என்கிறது வாய்.

அவள் என் நரைத்த தலையைப் பார்த்துச் சிரிக்கிறாள். "அண்ணனுக்கா? பேரனுக்குன்னு சொன்னாலும் நம்பலாம்."

திருத்திச் சொல்ல வாயைத் திறக்கிறேன். எழுபத்தெட்டு வயதில் அண்ணனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

"சுகத்துக்கு வேணாம்மா. எங்கம்மா பேருக்குக் கீழ எழுது."

அவள் சிரிப்பு நிற்கிறது. மறுபடி இறந்தவர்கள் பக்கத்துக்குத் திருப்புகிறாள். அம்மாவுக்குக் கீழே ஒரே ஒரு வரி காலியாக இருக்கிறது.