சாரல் 2023: படிக்காதது ஒன்று

நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் போகிற வழியில் தென்காசியில் இறங்கி, ஹுஸைஃபாவின் வலது முழங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். அது நேராக நீளாது. உள்ளே தகடு வைத்துத் திருகு போட்டிருக்கிறார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால் மழையில் விழுந்துட்டேன் என்று சிரித்து மழுப்புவான். அவன் விழவில்லை. அந்த அறையில் அவனை யாரும் தொடவும் இல்லை. ஆனால் அடி விழுந்தது.

பழைய குற்றாலம் போகும் சாலையில் ஒரு லாட்ஜ். முதலாளி தில்லைநாயகம் அண்ணாச்சி. ஹுஸைஃபா அங்கே ரூம் புக்கிங் பார்த்துவந்தான். அண்ணாச்சி நல்ல உயரம், நல்ல உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. செலவு என்றால் மட்டும் முகம் கோணிவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு மெயில் கணக்குதான். ஆள் மாறினாலும் கணக்கை மாற்ற விடமாட்டார். "பேர மாத்துனா வாடிக்கக்காரன் வேற லாட்ஜுக்குப் போயிருவாம்லே" என்பார்.

ஹுஸைஃபாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் கடையத்துப் பையன் மணிகண்டபிரபு. 2023 சாரல் சமயத்தில் ஒருநாள் ஆளைக் காணோம். கேரளாவில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆள் போனாலும் அவன் பெயர் அங்கேயே இருந்தது. ஹுஸைஃபா அனுப்பும் மெயில் எல்லாம் மணிகண்டபிரபு பெயரில்தான் போகும். அடியில் 'அன்புடன், மணிகண்டபிரபு' என்று கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் கடையத்திலிருந்து சங்கரம்மாள் வந்தாள், மணிகண்டபிரபுவின் அம்மா. பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு மகனுக்கு மெயில் போடச் சொல்லியிருக்கிறாள். மறுநாளே பதில் வந்திருக்கிறது, ரூம் வேண்டுமா என்று கேட்டு, அடியில் மகன் பெயரோடு. அவன் உயிரோடுதான் இருக்கிறான், கோபத்தில் இருக்கிறான் என்று ஒரு வருஷமாக நினைத்திருந்தவள், அன்றுதான் நேரில் வந்திருந்தாள்.

"எம்மவன் பேர்ல நீயாய்யா எழுதுத?" என்று மட்டும் கேட்டாள்.

ஹுஸைஃபா தலையைக் குனிந்துகொண்டான். அவள் அழவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டாள். அது நடந்த மறுவாரம்தான் இது நடந்தது.

2024, ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே பேய் மழை. அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. தங்கியிருந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அறை பெருக்கும் பிச்சம்மாளும் போய்விட்டாள். மதியத்துக்கு மேல் லாட்ஜில் இருந்தது ஹுஸைஃபாவும் அண்ணாச்சியும்தான். அவனுக்கும் வீட்டுக்குப் போகத் துடிப்பாக இருந்தது. மனைவி அஃப்ஷானுக்கு நிறைமாதம். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான்.

அண்ணாச்சி விடவில்லை. மெயிலில் பழையது சேர்ந்து கம்ப்யூட்டர் திணறுகிறதாம், அனுப்பினதையெல்லாம் இன்றைக்கே அழித்தாக வேண்டுமாம். அந்த ஆபீஸில் அனுப்பிய மெயிலை வருஷக் கணக்கில் அடுக்குவதில்லை, சீசன் கணக்குதான். சீசன் முடிந்ததும் சென்ட் ஃபோல்டரில் இருப்பதை மொத்தமாக வாரி 'சாரல் 2022', 'சாரல் 2023' என்று தனி ஃபோல்டரில் போட்டு வைப்பார்கள்.

"2023 முக்கியம். ஒண்ணு விடாம அழிச்சிரு. எதையும் தொறந்து படிக்காத" என்றார் அண்ணாச்சி. செங்கோட்டை வரை போய்வருகிறேன் என்று பின்வாசல் வழியாகக் காரை எடுத்துக்கொண்டு போனார். பின்கதவை வெளியே பூட்டும் சத்தம் கேட்டது. ஏன் பூட்டுகிறார் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. முன்பக்க ஷட்டர்தான் திறந்திருக்கிறதே.

சாரல் 2023-ஐத் திறந்தான். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தான். ஷிஃப்ட்டோடு சேர்த்து டெலிட். அப்படி அழித்தால் குப்பைக் கூடைக்குக்கூடப் போகாது, திரும்ப எடுக்கவே முடியாது. கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் முக்கியது. ஃபோல்டர் காலியானது.

ஆனால் ஃபோல்டர் பெயர் தடித்த எழுத்துக்கு மாறியது. பக்கத்தில் ஓர் எண். (1).

படிக்காத மெயில் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். ஹுஸைஃபாவுக்குச் சிரிப்புதான் வந்தது. இன்பாக்ஸில் படிக்காத மெயில் இருக்கும். நாமே எழுதி நாமே அனுப்பியது எப்படிப் படிக்காததாக இருக்கும்?

கிளிக் செய்தான். அனுப்பியவர் மணிகண்டபிரபு. பெறுநர் இடம் வெறுமை. தேதி போன வருஷத்தது. நேரம் 4.12. உள்ளே ஒரே வரி.

'ஷட்டர இறக்கிட்டாரு.'

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அதிலும் 4.12.

சும்மா எவனோ விளையாடியிருக்கிறான் என்று நினைத்தான். அண்ணாச்சி படிக்காதே என்றாரே என்ற பதற்றம் வேறு. டெலிட்டைத் தட்டினான்.

கட கட கட கடவென்று முதுகுக்குப் பின்னால் ஷட்டர் இறங்கியது. தரையில் மோதிய வேகத்தில் மேஜை அதிர்ந்தது. அறை இருண்டது. மின்சாரமும் போயிற்று. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்...

ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. கத்திப் பார்த்தான். மழைச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. அறையில் வெளிச்சம் என்றால் கம்ப்யூட்டர் திரை மட்டும்தான்.

சாரல் 2023 (1).

அவன் திறக்கவில்லை. தானாகத் திறந்துகொண்டது. 4.15.

'கம்பிய எடுத்துட்டாரு.'

ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி மூலையில் சாய்ந்திருந்தது. இரும்புக் கம்பி, ஆள் உயரம். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை. 'யா அல்லாஹ்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, இந்த எழுத்து கண்ணில் படாமல் போனால் போதும் என்று டெலிட்டைத் தட்டினான்.

ணங்.

கம்பி தரையில் விழுந்தது. உருண்டு வந்தது. அவன் கால்மாட்டில் நின்றது.

மறுபடியும் (1).

இந்தத் தடவை படிக்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு டெலிட்டைத் தட்டினான். தட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தான். வரி மறைவதற்குள் பார்த்துவிட்டான்.

'முழங்கைல.'

டம்.

எலும்பு முறியும் சத்தத்தை அவன் முதலில் கேட்டான். வலி பிறகுதான் வந்தது. வலது கை முழங்கையிலிருந்து வேறு பக்கம் மடங்கித் தொங்கியது. எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. ரத்தம் விரல் வழியாகக் கீபோர்டில் சொட்டியது. நாற்காலியோடு சரிந்தான். கம்பி கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை.

தரையில் கிடந்தபடியே அவனுக்கு விஷயம் விளங்கியது. இவை மெயில்கள் இல்லை. ஒருவன் வாங்கிய அடிகள். எவன் அழிக்கிறானோ அவன் மேல் விழும்.

தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தான்.

(1).

'தலைல.'

அதை அவன் தொடவில்லை. இடது கையை மடிக்குள் வைத்து அழுத்திக்கொண்டான். அஃப்ஷானை நினைத்தான். பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்தான். தொடக் கூடாது, செத்தாலும் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே கிடந்தான்.

பீப்... பீப்...

பின்கதவு திறந்தது.

அண்ணாச்சி. கையில் டார்ச். பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதால் திரும்பியிருக்கிறார். வெளிச்சம் முதலில் திரையில் விழுந்தது. பிறகு ரத்தத்தில். பிறகு ஹுஸைஃபாவின் முகத்தில்.

"படிச்சியாலே?"

கை என்னாச்சு என்று அவர் கேட்கவில்லை.

"படிக்காதன்னு சொன்னேம்லா."

குனிந்து கம்பியை எடுத்தார். தேடவில்லை, தடவவில்லை. பிடி எந்த இடத்தில் வாகாக இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. மணிகண்டபிரபு கேரளாவுக்குப் போகவில்லை என்பது அந்த நிமிஷமே ஹுஸைஃபாவுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்தது தான் என்பதும் தெரிந்தது.

கம்பியை ஓங்கினார்.

"ஒண்ணே ஒண்ணு அழிய மாட்டேங்கு அண்ணாச்சி" என்றான் ஹுஸைஃபா. குரல் நடுங்கவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறான். "எனக்குக் கை ஒடிஞ்சிட்டு. நீங்களே அழிச்சிருங்க."

ஓங்கிய கை நின்றது.

இவனை எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடலாம், மெயில் முதலில் போகட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். கம்பியைச் சுவரோரம் சாத்தினார். நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஒரு வார்த்தை சொல்லி ஹுஸைஃபா தடுத்திருக்கலாம்.

அவன் சொல்லவில்லை.

அண்ணாச்சி திரையைப் படித்தார். கழுத்து விறைத்தது. "இவன் எப்பம்லே இத..." என்று முணுமுணுத்தார். ஷிஃப்ட்டை அழுத்தினார். டெலிட்டைத் தட்டினார்.

டம்.

பின்மண்டை குழிந்தது. ஹுஸைஃபா கண்ணால் பார்த்தான். குழியிலிருந்து ரத்தம் பீறிட்டு டார்ச் வெளிச்சத்தில் சுவரில் அடித்தது. அண்ணாச்சியின் முகம் கீபோர்டில் விழுந்தது.

டெலிட் பட்டன் மேலேயே விழுந்தது.

திரையில் (1). மறைந்தது.

டம்.

(1). மறைந்தது.

டம்.

உடம்பு துள்ளியது. முகம் பட்டனை விட்டு நகரவில்லை. அவர் இன்னும் சாகவில்லை. வாய் என்னவோ சொல்லப் பார்த்தது... பல் உடைந்து கொட்டியது...

டம்.

டம்.

சுவரில் சாத்திய கம்பி சாத்தியபடியே இருந்தது.

டம்.

பீப்... பீப்... பீஈஈப்.

யுபிஎஸ் நின்றது.

திரை அணைந்தது.

மழை மட்டும்.

அவன் ஷட்டரை இடது கையால் தொட்டான். இரண்டு விரலில் மேலே ஏறியது.

அஃப்ஷானுக்கு அன்றிரவே வலி கண்டது. அவளும் அவனும் ஒரே ஆஸ்பத்திரியில் வேறு வேறு மாடியில் கிடந்தார்கள். பெண் குழந்தை. இடது கையால்தான் வாங்கினான்.

போலீஸ் வந்தது, விசாரித்தது. ஒடிந்த கையோடு கிடந்தவன் ஓர் ஆஜானுபாகுவான மனிதரை அப்படி அடித்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். கம்பியில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கடைசியில், ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார் என்று எழுதி மூடினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொய் அண்ணாச்சியே முதலில் சொன்னதுதான். 2023 சாரலில் லாட்ஜ் குளியலறை ஹீட்டரில் ஷாக் அடித்து ஒருவர் செத்தார். உடலை அருவிக்கரையில் கொண்டுபோய்ப் போட்டு, பாறையில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி. செத்தவருடைய மனைவிக்கு உண்மையை மெயிலில் எழுதியவன் மணிகண்டபிரபு. அந்த அம்மா போட்ட வழக்கில், கம்ப்யூட்டரை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது அண்ணாச்சி செத்த அந்த வாரம்தான்.

மணிகண்டபிரபு கேரளாவுக்குப் போகவில்லை என்று ஹுஸைஃபா சொன்னதன் பேரில், லாட்ஜின் பின்னால் போன வருஷம் புதிதாகக் கட்டிய ஜெனரேட்டர் மேடையை உடைத்தார்கள். மணிகண்டபிரபு அடியில் இருந்தான். சங்கரம்மாள் செருப்பைப் பார்த்து அடையாளம் சொன்னாள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஹுஸைஃபாவின் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தாராம். வலது முழங்கையில் அதே இடம், அதே முறிவு. மண்டையில் இருந்த அடிகளை அண்ணாச்சியின் மண்டையோடு ஒப்பிட்டார். இடம் மாறவில்லை. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரை நோண்டிப் பார்த்தவர்களுக்கு அப்படி எந்த மெயிலும் கிடைக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

ஹுஸைஃபா இப்போது தென்காசியில் உவைஸ் பாயின் டிக்கெட் புக்கிங் ஆபீஸில் இருக்கிறான். புது கம்ப்யூட்டர், அவன் பெயரிலேயே புது மெயில் கணக்கு. அதைத் திறந்த அன்று இந்த வருஷத்துச் சாரல் தொடங்கியது. அதிலிருந்து அவன் அதுவரை ஒரு மெயில்கூட அனுப்பியிருக்கவில்லை. ஆனால் சென்ட் தடித்த எழுத்தில் இருந்தது. (1).

அனுப்பியவர் தில்லைநாயகம். தேதி அன்றைய தேதி. நேரம் அந்த நிமிஷம்.

'தம்பி, அவன நிறுத்தச் சொல்லு.'

மழை பெய்யும் நாளெல்லாம் ஒன்று கூடுகிறது. அவன் திறப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. உவைஸ் பாய் நல்ல மனிதர், சுத்தம் பார்ப்பவர். ஏன் இப்படிக் குப்பையாக வைத்திருக்கிறாய் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். போன வாரம், "நீ லீவு போடுத அன்னைக்கு நானே உக்காந்து எல்லாத்தையும் அழிச்சிருதேன்" என்றார்.

அன்றிலிருந்து ஹுஸைஃபா லீவு எடுப்பதில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றாலும் ஷட்டர் திறக்கும்போதே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறான்.