நல்ல படகுக்காரன் எண்டா

கடைசி எழுத்தின் வயிறு மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது. பாலசிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையை அதற்குள் விட்டு நீலத்தை நிரப்பினார். பிறகு நிலாவெளி மணலில் பின்னால் போய் நின்று தன் படகைப் பார்த்தார். பக்கவாடு முழுக்க ஆங்கிலம்.

ஏ குட் போட்மன் வுட் ஹாவ் வெயிட்டட்.

அது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. போன கிழமை புறாமலைக்கு ஏற்றிப்போன வெள்ளைக்காரி சொன்னது. அவளையும் புருசனையும் தீவில் இறக்கிவிட்டு, நீந்தி முடிக்கட்டும் என்று இவர் இறக்கக்கண்டிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டம் போனார். அங்கே கூட்டாளிகளோடு கதை நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது இரண்டு பேரும் வெயிலில் சிவந்து கல்லில் குந்தியிருந்தார்கள். அவள் கத்தவில்லை. மெல்லிய குரலில் இந்த ஒரு வசனத்தைச் சொன்னாள்.

பாலசிங்கத்தின் ஆங்கிலம் கண் பெருத்த வலை. குட், போட்மன், வெயிட் போன்ற பெரிய மீன்கள் மாட்டும். வுட், ஹாவ் போன்ற பொடிகள் விழுந்துவிடும். இத்தனை சீசனும் அதை வைத்துத்தான் ஓட்டினார். நல்ல படகுக்காரன், காத்திருந்தவன். பிந்தி வந்தவனுக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும். கரைக்கு வந்ததும் அதைப் படகிலேயே எழுதித் தரும்படி கேட்டார். அவள் இரண்டு தரம் "ஷுவர்?" என்று கேட்டாள். பிறகு பையிலிருந்து மார்க்கர் எடுத்துப் பெரிதாக, வடிவாக எழுதினாள். புருசன் போட்டோ எடுத்தான்.

அந்தக் கோட்டின் மேல்தான் இப்போது பெயின்ற். பக்கத்து ஹொட்டேல் இந்தச் சீசனுக்குத் தன் ஆட்களை ஏற்ற ஒரே ஒரு படகைப் பிடிக்கப்போகிறது. மனேச்சர் தர்சிகா இன்று காலை பார்க்க வருகிறாள். போன சீசனில் பாதி நாள் படகு மணலில்தான் கிடந்தது. இதுவும் கைவிட்டால் எஞ்சினை விற்க வேண்டியதுதான்.

தர்சிகா வந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

"அண்ணை, இதை எழுதின ஆக்களை விட்டிட்டு எங்க போனீங்கள்?"

பாலசிங்கம் தூரிகையைக் கீழே வைத்தார். "நான் போனதை ஆர் மிஸ் சொன்னது?"

"உங்கட படகுதான் சொல்லுது."

"அதில நான் நல்லவன் எண்டெல்லோ கிடக்கு."

"நல்ல படகுக்காரன் எண்டு ஒராள் அதில இருக்கிறார், ஓம். ஆனா அது நீங்கள் இல்லை." அவள் நீல எழுத்தைத் தொடாமல் விரலால் காட்டினாள். "இந்த வுட்டுக்குப் பின்னால ஒரு இஃப் ஒளிச்சிருக்கு."

பாலசிங்கம் படகின் மற்றப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இஃப் எனக்குத் தெரியும் மிஸ். இஃப் ரெயின், நோ போட். எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறன். இதில இஃப் இல்லை."

"எழுத மாட்டினம் அண்ணை. கேக்கிற ஆள்தான் போட்டு விளங்க வேணும்."

"எழுதாத சொல்லுக்கு நான் என்னெண்டு பெயின்ற் அடிக்கிறது?"

அப்போது அவர் மனைவி தங்கேஸ்வரி மணலில் இறங்கி வந்தாள். அவர் மறந்து விட்டுவந்த போன் ஒரு கையில், சாப்பாட்டுப் பார்சல் மற்றக் கையில். தர்சிகாவைக் கண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறாமலே புருசன் பக்கம் திரும்பினாள்.

"நல்ல மனுசன் எண்டா நேற்றுச் சூடை மீன் கொண்டந்திருப்பான்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவரை ஏசுவது இந்த ஒரு அச்சில்தான். நல்ல மனுசன் எண்டா கூரையைப் பார்த்திருப்பான். நல்ல மனுசன் எண்டா தங்கச்சியின்ர கலியாண வீட்டுக்கு நேரத்துக்கு வந்திருப்பான். அந்த நல்ல மனுசன் யார் என்ற சந்தேகம் பாலசிங்கத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. தான் அந்த ஆள் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அவர் மனைவியைப் பார்த்தார். படகைப் பார்த்தார்.

"மிஸ், அந்த வெள்ளைக்காரி இவளை மாதிரியோ கதைச்சிருக்கிறாள்?"

"அச்சொட்டா."

"இவள் எண்டாவைச் சொல்லிப்போட்டு ஏசுறாள். அவள் அதை விழுங்கிப்போட்டு ஏசியிருக்கிறாள்."

தங்கேஸ்வரி, படகில் என்ன எழுதியிருக்கிறது என்று தர்சிகாவிடம் கேட்டாள். நல்ல படகுக்காரன் எண்டா காத்திருந்திருப்பான் என்று தர்சிகா சொன்னதும், "ஆர் அந்தப் பொம்பிளை? நல்ல பிள்ளை போல" என்றாள்.

பாலசிங்கம் மண்ணெண்ணெய்த் துணியைத் தேடி எடுத்தார். "இப்பவே அழிச்சுப்போடுறன். வேற படகு பிடிச்சுப்போடாதேங்கோ மிஸ்."

"அழிக்க வேண்டாம், கிடக்கட்டும். நாளைக்கு ரெண்டு பேர் வருவினம், கொண்டு போங்கோ. பிந்தினா வேற படகு பாப்பன்."

அந்தப் 'பிந்தினா'வில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை இரண்டு பேர் வந்தார்கள். படகில் எழுதியிருந்ததை வாசித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். பாலசிங்கம் அவர்களைப் புறாமலையில் இறக்கி, நங்கூரம் போட்டுவிட்டுப் படகிலேயே இருந்தார். மனைவி கட்டித் தந்த பார்சலைச் சாப்பிட்டார். இறக்கக்கண்டியிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. அவர்கள் நீந்தி முடித்து வந்ததும் கரைக்குக் கொண்டு வந்தார். அடுத்த நாளுக்கும் ஆட்கள் இருப்பதாகத் தர்சிகா சொல்லி அனுப்பினாள். வீட்டுக்குப் போகிற வழியில் சூடை வாங்கினார்.