வெள்ளவத்தையில் மட்டும் தெரிந்த இணையத்தளம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் இன்டர்நெட் புதிதாகப் பரவத் தொடங்கியிருந்தது. நான் வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அலுவலகத்தில் வீட்டுப் பிளான் கீறும் வேலை செய்தேன்.

பிளான் கீறுவதில் கஷ்டமில்லை. அதைக் கொண்டு திரிவதுதான் கஷ்டம். தமிழ்ப் பிள்ளையின் கையில் கட்டட வரைபடம் இருந்தால் செக்பொயின்டில் சும்மா விடுவார்களா? பஸ்ஸால் இறக்கி விரிக்கச் சொல்வார்கள். இது சமைக்கிற குசினி, இது பாத்ரூம் என்று அரைகுறைச் சிங்களத்தில் விளங்கப்படுத்தி முடிய பஸ் போய்விடும். ஒருநாள் ஒரு பொலிஸ்காரர் இந்த வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். இன்னும் கட்டவில்லை என்றேன். கட்டாத வீட்டுக்கு எதற்குப் படம் என்று கேட்டு, மத்தியானம் வரைக்கும் இருத்தி வைத்துவிட்டார்.

அதனால், பணக்காரர் இருக்கும் கொழும்பு ஏழில் ஒரு கட்டடக் கலைஞர் ஆள் தேடுகிறார் என்று அறிந்ததும், வரைபடச் சுருளைத் தூக்கிக்கொண்டு போவதில்லை என்று முடிவெடுத்தேன். எல்லாவற்றையும் ஒரு இணையத்தளத்தில் போட்டுக் காட்டினால் போயிற்று.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானா நெட் கபே வைத்திருந்தார். அங்கே மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் என் வரைபடங்களை ஸ்கேன் பண்ணினேன். ஒரு பக்கம் செய்து முடிக்குமுன் கரண்ட் போகும். கரண்ட் வந்தால் லைன் போகும். “கொஞ்சம் இரிங்க தங்கச்சி” என்று நானா சொல்லும்போதெல்லாம் எனக்கு விசர் வரும். ஒருவழியாக முடித்தேன். படங்கள் கண்ணாடி மாதிரித் தெரிந்தன.

நேர்முகத்துக்கு வெறுங்கையோடு போனேன். அந்தக் கட்டடக் கலைஞர் ஒரு சிங்களப் பெண்மணி, வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். தன் கம்ப்யூட்டரில் என் தளத்தைத் திறந்தார். என் பெயர் வந்தது. அதற்குக் கீழே வரிசையாக வெறும் பெட்டிகள். திரும்பத் திரும்பத் திறந்தும் ஒரு கோடுகூட வரவில்லை.

அவருக்குப் பிழை விளங்கிவிட்டது. பக்கத்தை மட்டும்தான் நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். படங்கள் எல்லாம் அந்தக் கடைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கின்றன. சுருளைக் கொண்டுவந்திருக்கலாமே என்றார். எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அந்த எரிச்சலிலேயே செக்பொயின்ட் கதை முழுவதையும் ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன்.

அவர் எழும்பினார். பிறகு கார்த் திறப்பை எடுத்தார்.

“உங்கட படம் அங்க மட்டும்தான் தெரியுமெண்டால், அங்க போய்ப் பார்ப்பம்” என்பதுதான் அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் அர்த்தம்.

வழியில் செக்பொயின்டில் ஆமிக்காரர் காரை மறித்தார்கள். என் அடையாள அட்டையை மட்டும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவருடையதைக் கேட்கவே இல்லை. அவர் கேளாமலேயே தன்னுடையதையும் எடுத்து நீட்டினார். ஆமிக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நெட் கபேயில் அந்த மூலைக் கம்ப்யூட்டரில் ஒரு அம்மா கனடாவிலிருக்கும் மகனோடு கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. கட்டடக் கலைஞரோ, அவரை எழுப்ப வேண்டாம் என்று நானாவிடம் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து காத்திருந்தார். பிறகு என் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு வீட்டின் குசினியைக் காட்டி, புகை எந்தப் பக்கத்தால் போகும் என்று கேட்டார். நான் புகைக்கு வழியே வைத்திருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்து அதைத் திருத்தச் சொன்னார்.

இப்போது நானும் ஆட்களை நேர்முகம் காண்கிறேன். தன் திறமையைக் காட்டத் தெரியாமல் யாராவது என் முன்னால் தடுமாறும்போது முதலில் எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்காமல் ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.