நேந்துவிட்ட இளையவன்

எம்.ஏ. வரலாற்றுக்கு நான் எழுதிய ஆய்வேடு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்காட்லாந்து அரசன் ஒருவனின் இளைய மகனைப் பற்றியது. அந்த அரசன் மூத்தவனுக்கும் இளையவனுக்கும் ஒரே பெயரை வைத்தான். பிரியமெல்லாம் இளையவன் மேல். மூத்தவன் கலகக்காரர்களோடு சேர்ந்தான். போரில் அப்பா செத்தான். மூத்தவன் முடி சூடினான். தம்பியைக் கொல்லவில்லை, சிறையிலும் போடவில்லை. இருபது வயது தாண்டியதும் பேராயர் பதவியில் உட்கார வைத்துவிட்டான். பேராயருக்கு மனைவி கிடையாது, வாரிசு கிடையாது. முறைப்படி அபிஷேகம் பெறும் வயது வருமுன்பே தம்பி இறந்துபோனான். அவன் என்ன விரும்பினான் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்குக் காரணம் ஒரு நேர்ச்சை. கடலுக்குப் போன அண்ணன் மூன்று நாளாகத் திரும்பவில்லை. அவன் உயிரோடு வந்தால் இளையவனைச் சாமியாருக்கு விடுவதாக அம்மா மாதா முன்னால் நேர்ந்துகொண்டாள். அண்ணன் வந்தான். பன்னிரண்டு வயதில் நான் சாமியாருக்குப் படிக்கக் குருமடம் போனேன். படிப்பு வந்தது, துறவறத்தில் மனம் செல்லவில்லை. ஏழாம் வருடம் வெளியே வந்துவிட்டேன். அம்மா சாகும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

இப்போது குவைத் அப்பாசியாவில் அறை. ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. அண்ணன் சவூதியில், யான்பு எண்ணெய் ஆலையில். என் ஆய்வேட்டைப் பற்றிக் கேட்டதும், "செத்துப்போன ராசா மவன வச்சி என்னலே செய்யப்போற?" என்று சிரித்தவன்.

இங்கே வெள்ளிதான் விடுமுறை, அன்றைய சர்ச் பூசையில்தான் அவளைப் பார்த்தேன். எங்கள் கடற்கரைப் பெண், நர்ஸ். அக்கா குடும்பத்தோடு இருந்தாள். ஒரு வருடம் பழகிய பிறகு அவளுடைய அத்தானைப் பார்க்கப் போனேன். எங்கள் பக்கம் மாப்பிள்ளை தன் வாயால் பெண் கேட்கக்கூடாது, வீட்டு மூத்தவர்தான் பேச வேண்டும். அதனால் அண்ணன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவனிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளி அத்தான் என்னைத் தனியே கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்கிடாதீங்க தம்பி. நேந்துவிட்ட பிள்ளைன்னு உங்க அண்ணனே சொல்லுதாரு. மாதாவுக்குக் குடுத்தத நாங்க எப்படி வாங்குவோம்?"

சண்டை போடத்தான் யான்புவுக்குப் போன் போட்டேன். அண்ணன் கத்தவில்லை. தினமும் ஆலை டவரில் ஏணி ஏறுவதையும், ஏறுமுன் சிலுவை போட்டுக்கொள்வதையும், ஊரிலிருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளையும் பற்றிச் சொன்னான். பிறகு கெஞ்சினான். "சாமியாராவலன்னாலும் பரவால்ல, சும்மா இருந்துருலே. நீ தாலி கட்டுனா மாதா என்னத் திருப்பிக் கேப்பா."

இத்தனை படித்தவன் நான். மூடநம்பிக்கை என்று சொல்லியிருக்கலாம். ஏணியிலிருந்து ஒருநாள் அவன் விழுந்தால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் எப்படி வாழ்வேன்? ஆய்வேட்டில் மூத்த இளவரசனைச் சூழ்ச்சிக்காரன் என்று எழுதியிருந்தேன். அவனும் பயந்திருப்பான் என்று அப்போது தோன்றவே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி பஸ் வரும் இடத்தில் அவள் டியூட்டி உடுப்போடு நின்றாள். நான் ஆரம்பிக்குமுன் எல்லாம் தெரியும் என்றாள்.

"உங்க அண்ணன் சொன்னத அத்தான் சொல்லிட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன்."

அவள் அழவில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு வழக்கமான பூசைக்கு அவள் வரவில்லை, வேறு நேரத்துப் பூசைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை எல்லாப் பூசைக்கும் போய் நின்று பார்த்துவிட்டேன், எதிலும் அவள் இல்லை.