செவ்வாய்க்கிழமைக் கடிதம்

கடிதத்தின் தலையில் “செவ்வாய்க்கிழமை” என்று மட்டும் இருக்கிறது. திகதி இல்லை, மாதமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கறிஞராக இருந்து அரசியலுக்குப் போன ஓர் அமெரிக்கர், ஊரில் நோயாகக் கிடந்த மனைவிக்கு எழுதியது. சபை கலைந்ததும் புறப்படுகிறேன், காத்திரு என்பது அதன் சாரம்.

அவருடைய கடிதங்கள் அடங்கிய பழைய புத்தகத்தை விட்பியில் ஒரு வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்ற யார்ட் சேலில் வாங்கினேன். பிறகு அவர் வாழ்க்கையைக் கொப்பியில் திகதிவாரியாக எழுதத் தொடங்கினேன். குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்குப் பேசியது, மாநிலச் சபைக்குத் தெரிவானது, அடுத்த தேர்தலில் தோற்று மறுபடி நீதிமன்றப் படியேறியது, கடைசியில் வாஷிங்டன் போனது. டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதி அவருடையதாயிற்று.

என் மனைவி அவரை அப்புக்காத்தர் என்பாள். வழக்கறிஞருக்கு யாழ்ப்பாணத்தில் வழங்கிய பழைய பெயர். எதற்கும் வாதாடுகிறவனுக்கும் அதே பெயர்தான்; அந்தப் பொருளில் அது எனக்கு.

“அப்புக்காத்தர் இண்டைக்கு எங்க நிக்கிறார்?”

“வாஷிங்டனில. வாக்கெடுப்பு நடக்குது.”

“மனிசி கிடையில கிடக்கிறா, இவருக்கு வாக்கெடுப்போ? கொப்பியளை எடுக்கச் சொல்லுங்கோ அந்தாளை. சோறு போடவேணும்.”

அவளே நோயாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவரை மறக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, அப்புக்காத்தர் மனிசியிட்டப் போய்ச் சேர்ந்தாரோ?”

“இன்னும் தெரியேல்லை. கடிதத்தில திகதி இல்லை.”

“ஓமெண்டு சொன்னால் குறைஞ்சு போவியளோ?”

“பாத்துச் சொல்லுறன்.”

சிரித்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை நூலகம் திறக்குமுன்பே வாசலில் நின்றேன். சபைக் குறிப்புகளில் பாதி பார்த்திருப்பேன். ஒஷாவாவிலிருந்து மகள் அழைத்தாள்.

“அப்பா, எங்க நிக்கிறியள்? ஹொஸ்பிட்டலால இப்பதான் கோல் வந்தது.”

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டிருந்தார்கள்.

இப்போது மேசை முழுவதும் அப்புக்காத்தருடையது. எடுக்கச் சொல்ல ஆளில்லை. நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிடுகிறேன்.

மிச்சக் குறிப்புகளையும் பார்த்து முடித்துவிட்டேன். சபை கலைந்தது ஒரு வியாழக்கிழமை. அவர் மனைவி இறந்தது அதற்கடுத்த சனிக்கிழமை மாலை. தேவாலயப் பதிவில் இருக்கிறது. ரயிலில் இரண்டு நாள் பயணம். அன்றே புறப்பட்டிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். அன்றே புறப்பட்டாரா என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கொப்பியில் அந்த வரிக்கு நேரே பென்சிலால், அவள் கேட்ட பதிலாக, “ஓம்” என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டு எழுதினேன்: சரிபார்க்கப்படவில்லை.