மாறாத பனித்திட்டு

கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்காமல் நான் வாங்கியதே இல்லை. யாராவது தேவைக்கு மேல் சிரித்தால், என்ன காரியமாக வந்திருக்கிறார் என்றுதான் தோன்றும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன அந்தத் தம்பி, எங்கள் ஆபீஸில் சேர்ந்த அன்றே எனக்கு அரைக் கிலோ பால்கோவா கொடுத்தான். அன்றைக்கே அவன்மேல் ஒரு கண் வைத்துவிட்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு மாடி அறைதான் ஆபீஸ். வடதுருவப் பக்கம் சாட்டிலைட் எடுத்த கோடைப் படங்கள், வருஷத்துக்கு ஒன்றாக எங்களிடம் வரும். பனி எதுவரை கிடக்கிறது என்று மவுஸால் கோடு இழுக்க வேண்டும். முந்தைய வருஷத்துக் கோட்டை மேலே போட்டுக்கொண்டு, பனி விலகிய இடத்தில் மட்டும் திருத்துவோம். முதல் வருஷத்துப் படம் நான் போட்டது. அடுத்த வருஷங்கள் எல்லாம் அவன் பங்கு.

எனக்கு முழுநாள் பிடிக்கிற படத்தை அவன் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவான். அது எப்படி? ஒருநாள் அவன் சாப்பிடப் போனதும் அவன் கோடுகளைத் திறந்தேன். ஒரு மலைச்சரிவில் மாங்கொட்டை மாதிரி ஒரு பனித்திட்டு. சுற்றிலும் பனி வருஷாவருஷம் சுருங்க, அது மட்டும் இம்மியும் மாறவில்லை. பிடித்துவிட்டேன்! எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. படத்தைப் பார்க்காமலே பழைய கோட்டை விட்டுவைக்கிறான் என்று மேலிடத்துக்கு மெயில் அனுப்பினேன். சாயங்காலமே அவனை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அவன் போட்ட கோடுகளைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்தேன். என் படத்தில், அந்த மாங்கொட்டையிலிருந்து சற்றுத் தள்ளி, அதே வடிவத்தில் கறுப்பாக ஒரு நிழல். ஜன்னலைத் திறந்தால் மேற்கு மலையில் தினமும் பார்க்கிறேன், மேகம் ஓரிடத்தில், அதன் நிழல் வேறிடத்தில். தரையோடு கிடக்கும் பனிக்கு ஏது அப்படி ஒரு நிழல்? மேகத்தைப் பனி என்று கோடு போட்டவள் நான்தான்.

அவனுக்குப் போன் செய்து, "அந்தத் திட்டுல ஒனக்குப் பனி தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, வெறும் பாறைதான் தெரிஞ்சுது. நீங்க வரஞ்சதாச்சே, என் கண்ணுலதான் கோளாறுன்னு விட்டுட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எதுக்கு நிப்பாட்டுனாவன்னு ஒண்ணும் சொல்லலக்கா. நீங்கதான் செத்த கேட்டுச் சொல்லணும்" என்றான்.

மேலிடத்துக்கு மெயில் எழுதியவள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு, அதே மெயிலுக்குக் கீழே, தப்பு என்னுடையது என்று எழுத ஆரம்பித்தேன்.