மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார்

மாடிப்படிக்கு அடியில், குனிந்து நுழைய வேண்டிய கடை அது. உள்ளே ஒரு மேசை, ஒரு ஸ்டூல், வயிற்றைத் திறந்து போட்ட நான்கு வாஷிங் மெஷின்கள், இரண்டு செல்போன்கள். ஒரு போனை அடித்தால் மெக்கானிக் பேசுவார். இன்னொன்றை அடித்தால் மேனேஜர் பேசுவார். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

மேனேஜருக்குப் பிள்ளையார் சுழி போட்டதே அவள்தான். கடை திறந்த முதல் வருஷம் மெக்கானிக்குக்கு 'முடியாது' என்ற வார்த்தையே வாயில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைத்த நேரத்தில் யாராவது கூப்பிட்டாலும் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். பார்த்துப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல் ஒருநாள் சொன்னாள்: "ஏங்க, முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது. அதுக்குன்னு ஒரு ஆளை வைங்க."

ஆள் வைக்க வழி ஏது? தன்னையே வைத்துக்கொண்டார்.

மேனேஜராகப் பேசும்போது கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு எழுந்து நிற்பார். குரல் தடித்துவிடும். நிமிர்ந்தால் தலை இடிக்கும் கடையில் அந்த அதிகாரமெல்லாம் கழுத்தைச் சாய்த்தபடிதான் நடந்தது. "அட்வான்ஸ் இல்லாம ஆள் வராது." "ஞாயித்துக்கிழமை லீவு." கேட்டவர்கள் மறுபேச்சில்லாமல் அடங்கினார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் நிறுத்தவில்லை. வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் "நான் என்னங்க பண்றது, மேனேஜர் ஒத்துக்க மாட்டேங்கிறாரு" என்று ஆரம்பித்தார். பேரிங் வரத் தாமதமா, பழி மேனேஜர் தலையில். மகளுக்குக் காய்ச்சலா, லீவு தராத பாவி மேனேஜர். "பாவம் நீங்க, எப்படித்தான் காலம் தள்றீங்களோ" என்று டம்ளர் நிறையக் காபி வந்தது. அனுதாபம் பொல்லாத ருசி. ஒன்பது வருஷம் குடித்தார்.

பிறகு காலம் கெட்டது. புது மெஷின் வாங்கியவர்களுக்கு விற்ற கம்பெனியே ஆள் அனுப்பியது. வாரத்துக்கு மூன்று அழைப்பு என்றிருந்தது ஒன்றாகி, அதுவும் போய், போனில் உயிர் இருக்கிறதா என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானே அடித்துப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது. மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, அவ்வப்போது ரிப்பேருக்குக் கூப்பிடும் பெண்கள் விடுதி. பதினெட்டு மெஷின், வருஷ கான்ட்ராக்ட். அது கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். விடுதி நடத்தும் அம்மா அவரை உட்காரச் சொன்னார்.

"உங்க கம்பெனிக்கு கான்ட்ராக்ட் தர்றதா இல்லை."

மெக்கானிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "அம்மா, என்ன தப்பு நடந்துச்சுன்னு..."

"உங்க மேல தப்பே இல்லை. அந்த மேனேஜர்! போன கோடையில ஆறு மெஷின் ஒண்ணா நின்னப்போ எவ்வளவு கெஞ்சினேன்! 'வரிசையிலதான் வருவோம்'னு போனை வெச்சாரு. மறுநாள் நீங்க அவருக்குத் தெரியாம வந்து சரி பண்ணிக் குடுத்தீங்க. நான் மறந்துடுவேனா? அந்த ஆளுக்கு ஒரு பைசா தர மாட்டேன். நீங்க அவரை விட்டுட்டு இங்கயே மாசச் சம்பளத்துக்கு வந்துடுங்க. வெளி வேலை மட்டும் பாக்கக் கூடாது."

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா, "போன மாசம் சமையல்காரியை அனுப்பிட்டேன். எண்ணெய் எடுத்ததுக்காக இல்லை, எடுக்கலைன்னு பொய் சொன்னதுக்காக" என்றார்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் ஒன்பது வருஷம் விடாமல் கத்தியிருந்தது.

"அந்த ஆளுகிட்ட விடுவிச்சதா ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. நானும் போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

கடைக்கு வந்து மேசைமேல் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன்னைத் தானே வேலையை விட்டு அனுப்ப என்ன எழுதுவது? விஷயம் கேட்டு வந்த மனைவி பேனாவைப் பிடுங்கி மளமளவென்று எழுதினாள். 'எந்த வேலையையும் பாதியில் விட்டதில்லை. காசுக்காக நல்ல பாகத்தை மாற்றியதில்லை. இவரை இழப்பது எங்கள் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம்.'

படித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்போது மேனேஜர் போன் அடித்தது. கிராம்பை ஒதுக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஆள் எப்படி?" என்றார் விடுதி அம்மா.

"நல்ல வேலைக்காரன். ஏமாத்த மாட்டான்."

"அப்படிப்பட்ட மனுஷனை ஒன்பது வருஷம் ஏன் சார் இந்தப் பாடு படுத்துனீங்க?"

மேனேஜர் கிராம்பைக் கடித்துவிட்டார், நாக்கு எரிந்தது.

"என்கிட்ட வேற ஆளே இல்லீங்கம்மா" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"கல்லு மாதிரி இருந்தவருக்கு இப்பத்தான் அருமை தெரியுதாக்கும்" என்று அந்த அம்மா போனை வைத்தார்.

அந்த வாரமே மேனேஜர் போனிலிருந்து சிம்மைக் கழற்றினார். பெயர்ப் பலகையை மனைவியும் அவருமாக இறக்கி, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி சுவரில் சாய்த்து வைத்தார்கள். பத்து வருஷக் கம்பெனி. இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விடுதியில் முதல் சனிக்கிழமை. சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவரை அந்த அம்மா நிறுத்தினார். "நாளைக்கும் வந்துடுங்க. தண்ணி மோட்டார் ஒரு மாதிரி சத்தம் போடுது."

மறுநாள் மகளை வெளியே கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்கம்மா... எங்க மேனே..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. வந்துடறேன்" என்றார்.